வீங்கும் குழாய்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உலைக்குள், விரல் தடிமன் குழாய் ஒன்று சிவந்துகொண்டிருந்தது. அணுமின் நிலையத்தில் எரிபொருளைப் பொதிந்து வைக்கிற குழாய். இங்கே ஆய்வுக்கூடத்தில் அதற்குள் வெறும் வாயுதான். குளிர்விக்கும் தண்ணீர் நின்றுபோனால் அது எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்க வேண்டும். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை வெடிக்காமல் இருந்தால் தேறியது. முள் பாதி தூரம்கூட வரவில்லை. அதற்குள் குழாய், காற்று மிஞ்சிய சைக்கிள் ட்யூபைப் போல நடுவில் புடைத்துவிட்டது.

“போதும், அணைச்சிடும்மா” என்றார் மேலதிகாரி கோதண்டராமன். “வெடிக்கலைன்னு எழுதிடலாம். பொய் இல்லையே? இதோட செஞ்ச மத்த குழாயெல்லாம் லாரில ஏத்தியாச்சு.”

அந்த லாரி போகிற நிலையத்தின் மதிலை ஒட்டித்தான் சகாய ரூபினாவின் அம்மா கருவாடு காயப்போடுகிறாள். ரூபினா சுவிட்சை மறைத்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

“அங்க நெசமாவே தண்ணி நின்னா, யாரு சார் வந்து அணைப்பாவ?”

“வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள இவ்வளவு வாயா?”

“வாய் பொறந்ததுலேருந்தே இருக்கு சார்.”

அவர் அவளைத் தாண்டிச் சுவிட்சுக்குக் கை நீட்டினார். புடைப்பு இன்னும் பெருத்து, தோல் மெலிந்து, வெளிறிப் பளபளத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. தன்னை அறியாமல் ஓரடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. முதுகு சுவரில் முட்டியது.

“ஏன் சார் பின்னால போறீங்க?” குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். “எங்கம்மா அங்க பின்னால போனா கடல்தான் சார்.”