‘ம்’ கொட்டாத போன்

புதிய போன்கள் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஒரு மாதம் தாங்கின. பேசுபவரின் மௌனத்தையும் விம்மலையும், கேட்பவர் கொட்டும் ‘ம்’களையும் வீண்செலவு என்று அவை மறுமுனைக்கு அனுப்புவதே இல்லை.

தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் கணவன் குமரேசனிடம் எதைச் சொன்னாலும் சுவரோடு பேசுவது போலிருந்தது. இத்தனை நாளும் போனைத்தான் திட்டினாள்.

இன்று அடம்பிடித்தாள். "அந்தச் சார்ஜ் சேமிப்பை அணைச்சுட்டுப் பேசுங்க."

"சார்ஜ் போயிடும்டி."

"போகட்டும். இன்னிக்கு ஒரு நாள், எனக்காக."

முனகியபடி அணைத்தான். அவளும் அணைத்தாள். கடற்காற்று காதில் இரைந்தது.

"உங்க அண்ணன் வீட்டுல இனிமே என்னால இருக்க முடியாதுங்க."

ஓரகத்தி சோற்றுப் பானையை எடுத்து ஒளித்துவைத்தது, இவள் துணியைக் கொடியிலிருந்து தள்ளிவிட்டது, தான் தனியே வீடு பார்த்திருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இடையிடையே நிறுத்திக் காத்திருந்தாள்.

காற்று கேட்டது. சீட்டுக்கட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டது. "துருப்பை இறக்குடா" என்று அவன் யாரிடமோ கிசுகிசுத்ததும் கேட்டது. ‘ம்’ மட்டும் வரவில்லை.

"சரி, அப்புறம்?" என்றான்.

அவளுக்கு விம்மல் வந்தது. அது அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, தாட்சாயணி தன் போனில் சேமிப்பை மறுபடியும் போட்டுவிட்டாள்.