கருவாட்டுக் காகிதம்

கருவாடு மடித்து வந்த காகிதத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புச் செல்லத்தாய் கடகடவென்று வாசித்தாள். கல்வி அதிகாரி கண்ணபிரானுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு பஸ் ஏறியவர். செட்டியார்பட்டியைத் தாண்டி இறங்கி, இரண்டு மைல் புழுதியில் நடந்து இந்த ஓராசிரியர் பள்ளிக்கு வந்தால், வந்த இடத்தில் இந்தக் கண்றாவி. தரையெல்லாம் மருந்துச் சீட்டு, பழைய கடிதாசி, எண்ணெய் ஊறின தாள். இது வகுப்பா, குப்பைத்தொட்டியா?

"என்ன கூத்தும்மா இது?" என்றார்.

"பாடம் சார்," என்றாள் ஆசிரியை நூர்னிசா. "வீட்டுக்கு வந்த எழுத்துல ஒண்ணை ஒவ்வொரு பிள்ளையும் கொண்டாரணும். இந்த வீடுகள்ல வாசிக்கத் தெரிஞ்ச ஆளு இதுக மட்டுந்தான். மருந்தை எத்தனை வேளை குடிக்கணும்னு அப்பன் ஆத்தாளுக்கு இதுகதான் சொல்லணும். அதைப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வேற என்னத்தைச் சொல்லிக் குடுத்து என்ன சார்?"

"பாடத்திட்டம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"அது ஜூன் மாசமே வந்துருச்சு சார். புத்தகந்தான் பொங்கல் கழிஞ்சும் வரல. அஞ்சு மனு போட்டேன்."

மனுதானே! மனுக்களைக் கட்டிப் போடுவதற்கென்றே அவருடைய ஆபீசில் ஒரு பீரோ இருந்தது. அதைத் திறந்து யார் தூசி குடிப்பது? கண்ணபிரான் முகத்தைச் சுளித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

மூலையில் 22-1-87 என்று தேதி. மேல்பாதி எழுத்து முத்து முத்தாக இருந்தது. கீழ்ப்பாதி நண்டு ஊர்ந்த மணல் மாதிரி கோணிக்கொண்டு கிடந்தது.

"இந்தக் கிறுக்கல் யாரோடது?"

"நாந்தான் சார். எடது கையால எழுதிப் போடுவேன். டாக்டரும் கடைக்காரவுகளும் அச்சு மாதிரியா எழுதுதாக? கோணல் எழுத்தும் பிள்ளைகளுக்குப் பழகணுமில்ல."

கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா பார் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியையே கிறுக்குவாளாம், அதற்கு ஒரு தத்துவம் வேறு! பையில் இருந்த மாற்றல் உத்தரவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாவட்டத்தின் மறுகோடிக்கு டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

இவளுக்கு முன்னால் வந்த எந்த வாத்தியாரும் இந்த ஊரில் இரண்டு மாதம் தாக்குப்பிடித்ததில்லை. இவளையும் தூக்கிவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுத்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்தக் கருவாட்டு வாடை அவர் மூக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே!

"இந்தப் பிள்ளைங்க படிக்கலைம்மா, ஒப்பிக்குது. மனப்பாடம் பண்ணவச்சு என்னை ஏமாத்தப் பாக்கறீங்க."

"நீங்களே ஒரு தாளைக் குடுத்துப் பாருங்க சார். எந்த எழுத்துன்னாலும் சரி."

அவர் பையைத் துழாவினார். கையால் எழுதிய தாளாக அதில் ஒன்றுதான் இருந்தது. இந்த வாரத் தபாலில் வந்த மொட்டைக் கடிதம். அவரை இங்கே இழுத்துவந்ததே அதுதான்.

அதைப் பார்த்ததும் நூர்னிசாவின் முகம் மாறியது. "அது வேண்டாமே சார்..." என்று இழுத்தாள்.

"ஏன், பயமா இருக்கா? உங்க லட்சணத்தை ஊர்க்காரனே எழுதியிருக்கான். இந்தா பாப்பா, படி!"

செல்லத்தாய் வாங்கி, எழுத்துக் கூட்டாமல், கண்ணைச் சுருக்காமல் ஒரே மூச்சில் படித்தாள்.

"இப்பள்ளியில் பாடப்புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஆசிரியை நூர்னிசா கடைக் காகிதத்தை வைத்தே பாடம் நடத்துகிறார். அதிகாரி அவர்கள் உடனே நேரில் வந்து பார்க்கவும். இப்படிக்கு, உண்மை விளம்பி."

கண்ணபிரான் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த நாலு வரியைப் படிக்க அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி ஒரு சாயங்காலம் பூராவும் மல்லுக்கட்டியிருந்தார்.

"எப்படிப் பாப்பா இவ்வளவு வேகமாப் படிச்சே?"

"தெனமும் படிக்கிறதுதான சார்," என்று செல்லத்தாய் கரும்பலகையின் கீழ்ப்பாதியைக் காட்டினாள். "இது எங்க டீச்சரோட எடது கை எழுத்து!"

அவர் கடிதத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மூக்கிலிருந்த கைக்குட்டை தானாகக் கீழே இறங்கியது.

"உங்க மேல நீங்களே எழுதிப் போட்டீங்களா? எதுக்கும்மா?"

நூர்னிசா தலை குனிந்தபடியே சொன்னாள்.

"பேரு போட்டு அஞ்சு அனுப்புனேன், யாரும் வரல. பேரு போடாம ஒண்ணு அனுப்புனேன், நாலாம் நாளே வந்துட்டீக சார்."