காவல் செல்கள்

பார்க்கின்சன் நோயில் இறந்தவரின் மூளைச் சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மூளையைத் தானமாகத் தந்த அவர் மனைவி செண்பகவடிவு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

“இந்தப் பழுப்புப் புள்ளியெல்லாம் என்னம்மா?”

“காவல் செல்கள்மா. காப்பாத்த வந்ததுங்க, திரும்பிப் போகல. வீங்கிப்போய் பக்கத்துல இருந்ததையும் அழிச்சிருக்கு.”

“இவரு தம்பிங்க மாதிரி. சண்டைக்குத் துணைன்னு வந்து வீட்டையே புடிச்சுக்கிட்டானுங்க.”

அவர் மகன் இளம்பரிதி சிரிக்கவில்லை. இடது கையால் மைக்ரோஸ்கோப்பின் குமிழைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

“இதுங்க வந்ததால கை நடுங்குச்சா, நடுங்குனப்புறம் வந்துச்சுங்களா?”

“அதைத்தான் தேடுறோம்.”

“இப்பத்தான் நடுங்க ஆரம்பிச்ச ஒருத்தர் கிடைச்சா உதவுமா மேடம்?”

செண்பகவடிவு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இளம்பரிதி கால்சட்டைப் பையிலிருந்த தன் வலது கையை, எனக்கு மட்டும் தெரியும்படி வெளியே எடுத்தார்.