ரோஷக்காரர்

"தலைவி நீங்கதானேம்மா? தொட்டி எங்க வேணும்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்றார் தண்ணீர்த் துறை அதிகாரி அம்மாள்.

சுகனி முக்காட்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்கள், தலைவியும் பெண் என்று அரசாங்கம் எழுதிவிட்டது. எழுதி என்ன? எதிரே மாமனார் கேமாராமும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் மருமகள் குரல் விழக்கூடாது. அந்த ராஜஸ்தான் கிராமத்தில் அதுதான் வழக்கம்.

"அவ என்னத்தைச் சொல்றது? கோயில் மேட்டுலயே கட்டுங்க" என்றார் ஒரு கிழவர். "சாமிக்கும் ஆச்சு, நாங்க ஹூக்கா குடிக்கிற இடத்துக்கும் ஆச்சு."

பாவி மனுஷா! அந்த மணல் மேட்டில் குடத்தோடு சறுக்கி விழுந்துதான் போன கோடையில் சுகனிக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. தொட்டி பள்ளத்துக் குடிசைகள் பக்கம் வந்துவிட்டால் எந்தப் பெண்ணும் இனி மேடு ஏற வேண்டாம்.

"இன்னிக்கு முடிவாகலைன்னா தொட்டி வேற ஊருக்குப் போயிடும்" என்றார் அதிகாரி.

சுகனி பக்கத்திலிருந்த கவரியை இடித்தாள். "நீயாவது சொல்லேன்டி."

"நான் மட்டும் என்ன, இந்த ஊர்ல பொறந்தவளா?" என்று கவரி முணுமுணுத்தாள். குழுவின் ஆறு பெண்களும் மருமகள்கள்தான்.

திடீரென்று கேமாராம் எழுந்தார். "பொம்பளைங்களைக் கேட்டு முடிவு பண்ற சபையில நமக்கென்ன வேலை? மானம் ரோஷம் உள்ளவன் எவனும் இங்க உட்காரமாட்டான்!"

அவ்வளவுதான். அத்தனை ஆண்களும் துண்டை உதறிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள். உட்கார்ந்திருந்தால் ரோஷம் இல்லை என்றாகிவிடுமே!

சுகனி மாமனாரின் முதுகையே முறைத்தாள். அந்த மேட்டில் கலைந்துபோனது அவருடைய பேரப்பிள்ளையும்தானே?

"குழுவுல பாதிப் பேர் இருக்கீங்க, அது போதும். சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

சுகனி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். முக்காட்டை விலக்கினாள்.

"பள்ளத்துல கட்டுங்க."

ஆறு கைகளும் உயர்ந்தன.

வீட்டில் மாமியார் ஜேத்தி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னடி ஆச்சு? உன் மாமனார் கேட்கச் சொன்னாரு."

"அவருக்கென்ன அதைப் பத்தி?" என்று வெடித்தாள் சுகனி. "ஊர் நடுவுல அப்படிக் கத்திட்டுப் போனவருக்கு?"

"கத்தாம என்ன பண்றது? கிழவங்களைக் கிளப்பினாத்தான் என் மருமக வாயைத் திறக்க முடியும்னு, நாலு நாளா எருமை முன்னாடி நின்னு கோவப்பட்டுப் பழகினாருடி அந்த மனுஷன்."