தொட்டியில் நுரை

"யார் குளிக்காம இறங்கினது? இப்பவே சொல்லிடுங்க!"

என் மனைவி ஸ்டைனுன் தண்ணீரிலிருந்து எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஆறு பேர் இருந்தோம். மேலே வெள்ளை வெளேரென்று நுரை.

போன மாதம்தான் தொட்டியை வாங்கி வீட்டுக்குப் பின்னால் வைத்தோம். அன்றிலிருந்து இவளுக்குக் காலைக் காபிகூட அப்புறம்தான். முதலில் சோதனைத் தாளை முக்கி நிறம் பார்க்கணும், குளோரின் போடணும், வடிகட்டியைக் கழற்றி அலசணும். வாரம் பூராவும் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். சனிக்கிழமை எல்லோருமாக இறங்கினால் போச்சு, நுரை! யாரோ உடம்பு அழுக்கோடு இறங்குவதால்தான் என்பது அவள் கட்சி.

"மருமக பராமரிக்கிற லட்சணம்!" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, எல்லார் காதிலும் விழும்படி.

"நானா? என் நீச்சலுடையையே மூணு கரண்டி சோப்புத்தூள் போட்டுத் துவைச்சிட்டுத்தான் இறங்கறேன். என்னைவிட சுத்தம் யாரு?"

எங்கள் ஐஸ்லாந்தில் ஒருவனைத் திருடன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வான். உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்காமல் தொட்டியில் இறங்கினான் என்றால் மட்டும் தாங்கமாட்டான்.

பக்கத்து வீட்டு ஓட்டார் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான்தாம்மா. அவசரத்துல மறந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் நீச்சல் குளத்தில் முப்பது வருஷம் காவல் இருந்தவர் அவர். குளிக்காமல் வந்த பாதிரியாரையே, "போய் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிய ஆள்!

"நீங்களா? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு! இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!" என்று பொரிந்தாள் ஸ்டைனுன்.

துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பாவம், இடுப்பு வலிக்காரர். வாரம் ஒரு நாள் இந்த வெந்நீர்தான் அவருக்கு ஆறுதல்.

திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் ஒருத்தன், "இன்னிக்காவது குளிச்சீங்களா, ஓட்டார்?" என்றான். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஓட்டார் வரவில்லை. நுரை மட்டும் தவறாமல் வந்தது!

தொட்டி விற்ற கடைக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர், "நீச்சலுடையை எதுல துவைக்கிறீங்க?" என்றார்.

சொன்னேன்.

"அடடா! வெறும் தண்ணியில அலசினா போதுமே. துணியில தங்கற சோப்புதாங்க அப்படி நுரைக்குது."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்டைனுனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மளமளவென்று மெல்லிசாக நாலு அப்பம் சுட்டாள், ஜாம் தடவினாள், தட்டோடு ஓட்டார் வீட்டுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மன்னிச்சிடுங்க, ஓட்டார். நுரை என்னாலதான். நீங்க அன்னிக்குக் குளிச்சிட்டுத்தானே இறங்கினீங்க?"

"பின்னே? குளிக்காம இறங்குவேனா? முப்பது வருஷம் தண்ணியோட கிடந்தவன்மா. நுரையை மோந்ததுமே தெரிஞ்சுபோச்சு, உன் சோப்புத்தூள் வாசனைன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! ஊரே உங்களைப் பாத்து சிரிச்சுதே!"

ஓட்டார் ஒரு அப்பத்தைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படிம்மா சொல்றது? உன் மாமியார் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே!"