புளித்த முந்திரிப்பழச் சட்டம்

முந்திரித் தோப்புப் பள்ளத்தில் விழுந்து புளித்த பழத்தைத் தின்றால் குரங்குகளுக்குப் போதை ஏறும். அதனால் ஐந்து வயது நிரம்பியவர்கள் மட்டுமே தின்னலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

நாலு வயதுச் சிலும்பன், தலைவர் மொட்டைவாலிடம் மல்லுக்கு நின்றான். "நாயை விரட்ட நான் வேணும். குட்டிகளைச் சுமக்க நான் வேணும். பழம்னு வந்தா மட்டும் நான் சின்னப் பையனா? வயசை நாலாக்குங்க, தலைவரே!"

"தம்பி, உன் வயசுல நிதானம் இருக்காதுடா" என்று சொல்லிவிட்டுத் தலைவர் மரத்தில் சாய்ந்தார். மரம் இரண்டடி தள்ளி இருந்தது. பொத்தென்று விழுந்தார்.

வழக்கம்போலச் சிலும்பன்தான் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். பாதி வழியில் தலைவர் அவன் காதில் உளறினார்: "எல்லாரும் தின்னுட்டா எங்களை யாருடா வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கிறது?"

சிலும்பனுக்கு வந்ததே கோபம்! அவரை அங்கேயே இறக்கிவிட்டுக் கத்தினான். "எனக்கு அஞ்சு வயசு ஆகட்டும். முதல் வேலையா இந்தச் சட்டத்தை மாத்திக் காட்டறேன்!" பின்னாலேயே வந்த குட்டிகளெல்லாம் கைதட்டின.

அடுத்த வருஷம் அவனுக்கு ஐந்து வயது ஆனது. அன்றைக்கே வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தான். தூக்கிப்போக வந்த நாலு வயதுச் சாம்பலன் ஆசையோடு கேட்டான். "அண்ணே, சட்டத்தை எப்ப மாத்தறீங்க?"

சிலும்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"உன் வயசுல நிதானம் இருக்காதுடா தம்பி. மெதுவாத் தூக்கு."