வெள்ளிக்கிழமை வரைக்கும்

பாம்... பாம்... பாம்...

இயந்திரம் கிளம்புவதற்கு முன்னால் தானாக அடிக்கும் ஹாரன், மூன்று தடவை. பிறகு மரம் நறுக்கும் இயந்திரத்தின் உறுமல். அதையும் மீறி ஒரு பெண்ணின் அலறல்.

அறுவை மில்லில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்தார்கள்.

இயந்திரத்தின் மூடி திறந்து கிடந்தது. பழைய இயந்திரம், மூடி திறந்திருந்தாலும் ஓடும். உள்ளே உருளை எட்டுக் கத்திகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, கையில் ஸ்பேனரோடு குன்வோர் வெளிறிப்போய் நின்றிருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அந்தக் கத்திகளைக் கழற்றுவதற்காகத் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டிருந்தாள்.

இயந்திரத்தைக் கிளப்பும் பச்சைப் பட்டன் மேல், அவளோடு வேலை செய்கிற ஃபின்லாந்துக்காரன் வெய்க்கோவின் விரல் இருந்தது.

அவன் சிவப்புப் பட்டனை அமுக்கினான். உருளை முனகி முனகி நின்றது. அதற்குள் ரூனே பாய்ந்து வந்து அவன் காலரைப் பிடித்துச் சுவரில் மோதினான். ரூனே மில்லின் மெக்கானிக். குன்வோரின் புருஷன்.

"கொலைகாரப் பாவி! என் பெண்டாட்டி உள்ள கையை விட்டுட்டிருந்தாடா!"

"வெளியே கூப்பிட்டுட்டுத்தான் அமுக்கினேன்."

"ஆமா, கூப்பிட்டான்!" குன்வோர் ஸ்பேனரை அவன் பக்கம் நீட்டினாள். "கேக் வந்திருக்கு, சீக்கிரம் வான்னான். கேக் வெள்ளிக்கிழமைதானே வாங்குவோம், இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை எவன் வாங்கினான்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். பத்து எட்டு வெச்சிருப்பேன். முதுகுக்குப் பின்னால இது கத்துது."

"ஃபின்லாந்துக்காரன் ஜோக் அப்படித்தான்," என்றான் கிரேன் ஓட்டுகிறவன். "அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள கேட்டவன் செத்துடுவான்."



கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஃபோர்மேன் ஹோகன் வந்தான்.

"வெய்க்கோ, போன வாரமே உன்கிட்ட சொன்னேனா இல்லையா? கரண்டை நிறுத்தி, வேற யாரும் போட்டுடாம சுவிட்சைப் பூட்டறதும் சோதிக்கறதும் ரூனே வேலை. நீ ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கிப் பாத்து நேரத்தை வீணாக்காதேன்னு?"

"சொன்னே."

"அப்புறம் எதுக்கு அமுக்கினே?"

"அமுக்கிப் பாக்காம இருக்க முடியல. சொல்லிட்டு அமுக்கினா நீங்க விட மாட்டீங்க. அதான் கேக்குன்னு பொய் சொன்னேன்."

"பாத்தீங்களா, திமிரை!" ரூனே மறுபடியும் பாய்ந்தான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "இருபத்தெட்டு வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பூட்டு. ஆளுக்கொரு பூட்டு வாங்கிக்கன்னாங்க. ஒரே வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு பூட்டுன்னேன். நானே நிறுத்தி, நானே பூட்டி, நானே சோதிச்சுட்டுத்தான் அவளை உள்ள அனுப்புவேன். சாவி இதோ என் பாக்கெட்ல. என் பெண்டாட்டி உயிரைப் பத்தி நீ எனக்குப் பாடம் நடத்தறியா?"

"வீட்டுக்குப் போ, வெய்க்கோ," என்றான் ஹோகன். "நாளைக்கும் வர வேண்டாம். யூனியன்கிட்ட நான் பேசிக்கறேன்."

 ஐம்பத்தாறு வயதில் வேறு எந்த மில் அவனைக் கூப்பிடப் போகிறது? வெய்க்கோ காபி ஃப்ளாஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டான். போகிற போக்கில் சுவிட்ச் பலகைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். ரூனேயை ஒருமுறை பார்த்தான்.

"குன்வோர், திரும்பக் கையை விடறதுக்கு முன்னாடி நீயே ஒரு தரம் போய்ப் பாத்துடு."

"அவளுக்குப் பாக்கறதுக்கு நான் இருக்கேன். நீ கிளம்பு!"

குன்வோர் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூனே."

"என்ன?"

"கரண்டை நிறுத்திப் பூட்டியிருந்தா, இது எப்படிச் சுத்துச்சு?"

இருபது பேரும் சுவிட்ச் பலகைப் பக்கம் திரும்பினார்கள்.

அவள் சுவிட்ச் பலகைக்கு நடந்தாள். ரூனேயின் சிவப்புப் பூட்டு பத்திரமாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்து கன்வேயர் பெல்ட்டின் சுவிட்சில். உருளையின் சுவிட்ச் பூட்டே இல்லாமல் 'ஆன்' என்று நின்றது.

"போன மாசம் பெயிண்ட் அடிச்சாங்க இல்ல, ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுச்சு..." ரூனேயின் குரல் இறங்கிவிட்டது. "தப்பு யாருக்கும் வரும், குன்வோர்."

"வரும். அதுக்குத்தானே அமுக்கிப் பாக்கச் சொல்றாங்க? சாவியைக் குடு."

கொடுத்தான். அவள் பூட்டைக் கழற்றினாள். உருளையின் சுவிட்சைக் கீழே இறக்கி அதில் பூட்டினாள். சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"வெய்க்கோ! பையைக் கீழே வை. வந்து அமுக்கு."

அவன் ஹோகனைப் பார்த்தான். ஹோகன் தரையைப் பார்த்தான்.

வெய்க்கோ அமுக்கினான். ஹாரன் அடிக்கவில்லை. எதுவும் அசையவில்லை.

"இன்னொரு தரம்."

மறுபடி அமுக்கினான். வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

குன்வோர் ரூனேயின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் இந்த வாரத்துத் தாள் தொங்கியது. 'பட்டனை அமுக்கிச் சோதித்தேன்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

போட இடமில்லை.

இன்றைக்கு, செவ்வாய்க்கிழமைக்கு நேராக ரூனேயின் கையெழுத்து. புதன்கிழமைக்கும் இருந்தது. வியாழனுக்கும் வெள்ளிக்கும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், 'சரிபார்த்தேன்' என்று ஹோகனின் கையெழுத்து.

அவள் பேனாவை மூடிப் புருஷனின் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதல் கத்தியைக் கழற்றப் போனாள்.